60 ஜிகாஹெர்ட்ஸ்: உங்க மொட்டை மாடி வைஃபை பாலத்துக்கு 1895-லேயே அஸ்திவாரம் போட்டவர் யார்?

முன் வீட்டில் ஃபைபர் இணைப்பு ஜோராக ஓடுகிறது. ஐம்பது மீட்டர் தள்ளி இருக்கும் பின் வீட்டில், மாடி அறையில், எதிர்ச்சாரி அலுவலகத்தில் ஒரு கோடு சிக்னல்கூட இல்லை. நடுவில் தெரு. கேபிள் இழுக்க முடியாது. ரிப்பீட்டர் வாங்கி வைத்தால் வேகம் பாதியாகிறது. இந்தச் சிக்கலுக்கு நெட்வொர்க் ஆட்கள் சொல்லும் தீர்வு 'வயர்லெஸ் பிரிட்ஜ்'. இரண்டு மாடியிலும் ஆளுக்கொரு சின்னக் கருவி. ஒன்றை ஒன்று நேருக்கு நேர் பார்க்கும். நடுவில் காற்றுதான் கேபிள்.

இந்தக் கருவிகளில் விலை கூடிய ரகம் ஒன்று உண்டு. அதன் விவரத் தாளில் '60 ஜிகாஹெர்ட்ஸ்' என்று போட்டிருக்கும். நவீன தொழில்நுட்பம் என்று விளம்பரம் சொல்லும். ஆனால் அந்த அலையை ஒரு மேஜை மேல் உருவாக்கி, குழாய் வைத்துத் திசை காட்டி அனுப்பி, மறுமுனையில் பிடித்துக் காட்டிய மனிதர் இறந்தே 80 வருஷங்களுக்கு மேல் ஆகிவிட்டது. அவர் பெயர் ஜகதீஷ் சந்திர போஸ். செடிக்கு உணர்ச்சி உண்டு என்று சொன்னவராகத்தான் பள்ளிப் பாடத்தில் நமக்குத் தெரியும். அது கதையின் இரண்டாம் பாதி. முதல் பாதி முழுக்க ரேடியோ.

யார் இந்த போஸ்?

பிறந்தது 1858 நவம்பர் 30. இன்றைய வங்கதேசத்தில் இருக்கும் மைமன்சிங் பகுதி. அப்பா பகவான் சந்திர போஸ் பிரிட்டிஷ் அரசில் அதிகாரி. அந்தக் காலத்தில் அதிகாரி வீட்டுப் பிள்ளை என்றால் ஆங்கிலப் பள்ளிதான். ஆனால் பகவான் சந்திரர் மகனை வங்காள வழிப் பள்ளியில் சேர்த்தார். முதலில் தாய்மொழியும் சொந்த ஊர் மக்களும் தெரியணும், ஆங்கிலம் அப்புறம் பார்த்துக்கலாம் என்பது அவர் எண்ணம். அங்கே மீனவர் மகனும், வீட்டு உதவியாளர் மகனும் போஸுக்குப் பக்கத்து இருக்கைக்காரர்கள்.

பிறகு கொல்கத்தா புனித சேவியர் கல்லூரி. அங்கே யூஜின் லஃபோன் என்ற பாதிரியார் செய்முறைகளோடு இயற்பியல் நடத்தினார். போஸுக்கு அறிவியல் பிடித்தது அங்கேதான். 1880-இல் மருத்துவம் படிக்க லண்டன் போனார். ஆனால் உடம்பு ஒத்துழைக்கவில்லை. விடாத காய்ச்சல், அதோடு பிணக்கூறு அறையின் வாடை. மருத்துவத்தை விட்டுவிட்டு கேம்பிரிட்ஜ் கிறைஸ்ட்ஸ் கல்லூரியில் இயற்கை அறிவியல் சேர்ந்தார். ஆசிரியர்களில் ஒருவர் பின்னாளில் நோபல் பரிசு பெற்ற ராலே பிரபு.

மூன்று வருஷம் சம்பளமே வாங்காத பேராசிரியர்

1885-இல் நாடு திரும்பி, கொல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் இயற்பியல் ஆசிரியர் ஆனார். சேர்ந்த கையோடு ஒரு அதிர்ச்சி. அதே வேலைக்கு ஐரோப்பியருக்கு ஒரு சம்பளம், இந்தியருக்கு அதில் மூன்றில் இரண்டு பங்கு. போஸின் நியமனம் தற்காலிகம் என்பதால் அதிலும் பாதி. கணக்குப் போட்டால், பக்கத்து அறை வெள்ளைக்காரர் வாங்குவதில் மூன்றில் ஒன்று.

போஸ் வேலையை விடவில்லை, சண்டையும் போடவில்லை. வகுப்பை ஒழுங்காக எடுத்தார், சம்பளத்தைத் தொட மறுத்தார். ஒரு மாசம் இரண்டு மாசம் இல்லை, மூன்று வருஷம். இத்தனைக்கும் அப்பா தொடங்கிய தொழில்கள் நொடித்து வீடு கடனில் இருந்த நேரம் அது. நடுவில் 1887-இல் கல்யாணமும் ஆனது.

மனைவி அபலா பற்றிச் சொல்லாமல் போனால் கதை முழுமை ஆகாது. வங்காளத்தில் பெண்களுக்கு மருத்துவப் படிப்பின் கதவு மூடியிருந்த காலத்தில், அரசு உதவித்தொகையோடு சென்னைக்கு வந்து மருத்துவக் கல்லூரியில் படித்தவர் அவர். உடல்நலக் குறைவால் படிப்பை முடிக்க முடியவில்லை. பின்னாளில் பெண் கல்விக்கும் விதவைகளின் நலனுக்கும் வாழ்க்கையைக் கொடுத்தார். சம்பளம் வராத அந்த நாள்களில் குடும்பம் நடத்தியவரும் அவர்தான்.

கடைசியில் நிர்வாகம் இறங்கி வந்தது. போஸின் வேலை நிரந்தரமானது. முழுச் சம்பளமும் பின்தேதியிட்டு மொத்தமாகக் கொடுக்கப்பட்டது. அந்தப் பணம் அப்பாவின் கடனை அடைக்கப் போனது.

24 சதுர அடி ஆய்வகம்

சம்பளம் கிடைத்தது, ஆய்வகம் கிடைக்கவில்லை. இந்தியருக்கு நுட்பமான அறிவியல் ஆய்வு வராது என்பதுதான் அன்றைய மேலிடத்தின் நினைப்பு. போஸுக்குக் கிடைத்தது கழிப்பறையை ஒட்டிய ஒரு சின்ன இடம், 24 சதுர அடி. ஒரு கட்டில் போட்டால் அறை நிறைந்துவிடும். கருவி செய்ய உதவியவர் ஒரு தகரக் கொல்லர். செலவு பெரும்பாலும் போஸின் சொந்தக் காசு. பகலில் வகுப்பு, மீதி நேரத்தில் ஆய்வு.

1894-இல் மின்காந்த அலைகள் பக்கம் அவர் திரும்பினார். அதற்குச் சில வருஷம் முன்னால்தான் ஜெர்மனியில் ஹைன்ரிச் ஹெர்ட்ஸ், கண்ணுக்குத் தெரியாத மின் அலைகள் காற்றில் போவதை நிரூபித்திருந்தார். ஹெர்ட்ஸ் 1894-இல் 36 வயதில் இறந்துபோனார். அவருடைய பணியைப் பற்றி ஆலிவர் லாட்ஜ் லண்டனில் ஆற்றிய உரை அச்சாகி உலகம் சுற்றியது. அதுதான் போஸைத் தூண்டியது.

அலை ஏன் சின்னதா இருக்கணும்?

இங்கேதான் போஸ் தனித்து நிற்கிறார். அன்று மற்றவர்கள் அலையை நீளமாக்கிக்கொண்டு போனார்கள். தூரம் போகணும் என்பது அவர்கள் கவலை. போஸ் நேர் எதிராக அலையைச் சுருக்கினார்.

காரணம் எளிது. மின் அலையும் ஒளியும் ஒரே சாதி என்று மேக்ஸ்வெல் கணக்குப் போட்டுச் சொல்லியிருந்தார். அதைச் சரிபார்க்கணும் என்றால் ஒளியை வைத்துச் செய்யும் அத்தனை விளையாட்டையும் மின் அலையை வைத்தும் செய்து காட்டணும். எதிரொளிக்க வைக்கணும், வளைக்கணும், வடிகட்டணும். ஹெர்ட்ஸ் அதைச் செய்தபோது அவர் அலையின் நீளம் பல பத்து சென்டிமீட்டர். அதை வளைக்க ஆள் உயரத்துக்குத் தார்ப் பட்டகம் தேவைப்பட்டது. 24 சதுர அடியில் அதை எங்கே வைப்பது? அலை சின்னதானால் கருவியும் சின்னதாகும்.

போஸ் 2.5 சென்டிமீட்டரிலிருந்து 5 மில்லிமீட்டர் வரை அலைநீளத்தை இறக்கினார். 5 மில்லிமீட்டர் என்பது ஏறக்குறைய ஒரு அரிசி மணியின் நீளம். அதை அதிர்வெண்ணாக மாற்றிப் பாருங்க. சரியாக 60 ஜிகாஹெர்ட்ஸ். உங்க ரூட்டரின் 2.4 ஜிகாஹெர்ட்ஸ் அலை 12.5 சென்டிமீட்டர் நீளம். 5 ஜிகாஹெர்ட்ஸ் வைஃபை சுமார் 5 சென்டிமீட்டர். ஆக, இன்றைய வைஃபையின் மிகச் சின்ன அலைகளில் ஒன்று, போஸின் மேஜையில் 1890-களிலேயே ஓடியிருக்கிறது.

அவர் செய்த கருவிகளைப் பார்த்தால் சிரிப்பும் வரும், பிரமிப்பும் வரும். அலையை ஒரே திசையில் அதிரவைக்கும் வடிகட்டி வேணுமா? ரயில்வே கால அட்டவணைப் புத்தகத்தை எடுத்து, பக்கங்களுக்கு நடுவே உலோகத் தாள் செருகினார். வேலை முடிந்தது. அதிர்வுத் திசையைத் திருப்பும் பொருள் வேணுமா? வங்காளத்தில் சணலுக்கா பஞ்சம்? முறுக்கிய சணல் கற்றை போதும். முறுக்கின திசையைப் பொறுத்து அலையும் திரும்பியது. அலையைக் கூட்டிச் சேர்க்க ஒரு வாய் அகன்ற உலோகக் குழாய் செய்தார். 'ஹார்ன் ஆன்டெனா' என்று இன்று பொறியாளர்கள் சொல்லும் சங்கதிதான் அது.

மணி அடித்தது, வெடிமருந்து வெடித்தது

1895-இல் கொல்கத்தா டவுன் ஹாலில் பொதுமக்கள் முன்னிலையில் ஒரு செய்முறை. ஒரு அறையில் அலை பரப்பும் கருவி. சுமார் 75 அடி தள்ளி, நடுவே சுவர்கள் இருக்க, வேறொரு அறையில் வாங்கும் கருவி. வங்காளத்தின் லெப்டினன்ட் கவர்னரே வழியில் நின்றிருந்தார். போஸ் பொத்தானை அழுத்தினார். அந்தப் பக்கம் மணி அடித்தது, வெடிமருந்து வெடித்தது. கம்பி கிடையாது.

இங்கே ஒரு சந்தேகம் வரணும். போஸின் அலை சுவர்களைத் தாண்டியது, நாம் வாங்கும் 60 ஜிகாஹெர்ட்ஸ் பாலம் ஒரு சுவரைக்கூடத் தாண்டாது என்கிறார்களே? விடை, நாம் கேட்கும் வேலையில் இருக்கிறது. போஸ் கேட்டது ஒரே ஒரு தட்டு. தீப்பொறி கிளப்பிய அலையில் துளி மிச்சம் மறுபக்கம் வந்தாலும், நுட்பமான உணரி அதைப் பிடித்து மணியை அடித்துவிடும். நாம் கேட்பது ஒரு வினாடிக்குக் கோடிக்கணக்கான பிட்டுகள். அதற்குத் துளி மிச்சம் போதாது, பளிச்சென்ற சிக்னல் வேணும்.

போஸின் மேஜையிலிருந்து உங்க மாடிக்கு

சரி, இன்று வீட்டில் ஒரு பாலம் போடுவது எப்படி? போஸ் கையாண்ட விஷயங்கள் ஒவ்வொன்றும் இங்கே திரும்ப வரும்.

முதலில் பார்வைக் கோடு. ஒரு மாடியிலிருந்து மற்ற மாடிக் கருவி கண்ணுக்குத் தெரியணும். மரம், தண்ணீர்த் தொட்டி, விளம்பரப் பலகை எதுவும் குறுக்கே கூடாது. கோட்டைச் சுற்றியும் கொஞ்சம் இடம் வேணும். 100 மீட்டர் தூரத்துக்கு 5 ஜிகாஹெர்ட்ஸ் என்றால் நடுப்புள்ளியில் எல்லாப் பக்கமும் ஒரு மீட்டருக்குச் சற்று மேல். 60 ஜிகாஹெர்ட்ஸ் என்றால் 35 சென்டிமீட்டர் போதும். சின்ன அலைக்குச் சந்து போதும், பெரிய அலைக்குத் தெரு வேணும்.

இரண்டாவது, தூரம். 60 ஜிகாஹெர்ட்ஸ் அலையைக் காற்றில் இருக்கும் ஆக்சிஜனே விழுங்கிவிடும். ஒரு கிலோமீட்டர் போனால் ஆக்சிஜனால் மட்டுமே சக்தியில் சுமார் 3 சதவீதம்தான் மிஞ்சும். 100 மீட்டர் என்றால் 70 சதவீதம் மிஞ்சும். கனமழை பெய்தால் இழப்பு இன்னும் கூடும். அதனால் இது தெரு தாண்ட நல்லது, ஊர் தாண்ட ஆகாது. பெரும்பாலான வீடுகளுக்கு 5 ஜிகாஹெர்ட்ஸ் பாலமே தாராளம். இந்தியாவில் 2.4 மற்றும் 5 ஜிகாஹெர்ட்ஸ் வைஃபை அலைவரிசைகளை உரிமம் இல்லாமல் பயன்படுத்தலாம். 60 ஜிகாஹெர்ட்ஸ் கருவி வாங்கும் முன் நடப்பு விதி அதை அனுமதிக்கிறதா என்று பார்த்துவிடுங்க.

மூன்றாவது, இணைப்பு. முதல் கருவியை முன் வீட்டு ரூட்டரின் லேன் துளையில் இணையுங்க. அதை ஆக்சஸ் பாயிண்ட் நிலையில் வைங்க. இரண்டாவது கருவி கிளையன்ட், அதாவது ஸ்டேஷன் நிலையில் இருக்கணும். இரண்டிலும் 'பிரிட்ஜ்' என்பதைத் தேர்ந்தெடுங்க. ஒரே நெட்வொர்க் பெயர், ஒரே வலுவான கடவுச்சொல்.

நான்காவது, முகவரி. பலரும் மாட்டிக்கொள்ளும் இடம் இதுதான். ரூட்டர் 192.168.1.1 என்றால், கருவிகளுக்கு 192.168.1.2, 192.168.1.3 என்று அதே வரிசையில் தனித்தனி முகவரி கொடுங்க. அவை வேறு கருவிக்குப் போய்விடாதபடி ரூட்டரில் ஒதுக்கிவிடுங்க. பின் வீட்டில் பழைய ரூட்டரை வைத்து வைஃபை பரப்புவதாக இருந்தால், அதன் டிஎச்சிபி வசதியை அணைத்து, அதற்கும் ஒரு தனி முகவரி கொடுங்க. கேபிளை அதன் லேன் துளையில்தான் செருகணும். ஒரு வீட்டு நெட்வொர்க்கில் முகவரி பங்கிடும் அதிகாரம் ஒரே ஒருவருக்குத்தான். இரண்டு பேர் பங்கிட்டால் குழப்பம் நிச்சயம்.

ஐந்தாவது, திசை. கருவியின் பக்கத்தில் சிக்னல் அளவு மைனஸ் எண்ணாக வரும். மைனஸ் 50-லிருந்து 60 வரை இருந்தால் நன்று. மைனஸ் 80 என்றால் மோசம். ஒரு ஆள் எண்ணைப் பார்க்க, இன்னொரு ஆள் கருவியை மெதுவாக இடம் வலம், பிறகு மேல் கீழ் திருப்புங்க. உச்சம் வந்த இடத்தில் திருகை இறுக்குங்க. இரண்டு கருவியும் ஒரே மாதிரி நிமிர்ந்து இருக்கணும். ஒற்றை அதிர்வுத் திசை கொண்ட ஆன்டெனா என்றால், ஒன்று நிமிர்ந்தும் மற்றது படுத்தும் இருந்தால் சிக்னல் கிட்டத்தட்டச் செத்துப்போகும். கால அட்டவணைப் புத்தகத்தைத் திருப்பித் திருப்பி போஸ் பார்த்தது இதைத்தான்.

கடைசியாக, மாடியில் எதை வைத்தாலும் இடி மின்னலுக்கு எர்த் இணைப்பு முக்கியம். அதை எலக்ட்ரீஷியனிடம் விட்டுவிடுங்க.

அப்போ ரேடியோவைக் கண்டுபிடித்தது யார்?

இந்தக் கேள்வி சமூக வலைதளத்தில் வருஷா வருஷம் எழும். மார்க்கோனி திருடிவிட்டார் என்று ஒரு கட்சி. போஸுக்கும் ரேடியோவுக்கும் சம்பந்தமே இல்லை என்று ஒரு கட்சி. உண்மை இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது.

மார்க்கோனிக்கு வேண்டியது செய்தி அனுப்பும் தொழில். நீள அலை, உயரக் கம்பம், பெரிய தூரம், நிறுவனம், காப்புரிமை. அதில் அவர் ஜெயித்தார். 1909-இல் ஃபெர்டினாண்ட் பிரவுனோடு சேர்ந்து நோபல் பரிசும் வாங்கினார். போஸுக்கு வேண்டியது அலையின் குணம். 1897 ஜனவரியில் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் தன் கருவிகளைக் காட்டியபோது, எதையும் மறைக்கவில்லை. உள்ளே என்ன இருக்கிறது என்று எல்லோருக்கும் திறந்து காட்டினார். வணிகத் தந்தியில் அவருக்கு நாட்டம் இல்லை.

ஆனால் ஒரு முடிச்சு உண்டு. 1899-இல் போஸ், இரும்பும் பாதரசமும் சேர்ந்த ஒரு உணரியைத் தொலைபேசிக் கேட்புக் கருவியோடு இணைத்து ராயல் சொசைட்டியில் கட்டுரையாக வெளியிட்டார். 1901 டிசம்பரில் அட்லாண்டிக் கடலைத் தாண்டி வந்த சிக்னலை மார்க்கோனி கேட்டது, அதே பாணி பாதரச உணரியில். மார்க்கோனிக்கு அது இத்தாலியக் கடற்படை வழியாக வந்தது. முதலில் யாருடையது என்று இத்தாலியிலேயே தகராறு எழுந்தது. போஸின் பெயர் அந்தத் தகராறில் அடிபடவே இல்லை. 1998-இல் அமெரிக்கப் பொறியாளர் சங்கமான ஐஇஇஇ-யின் ஆய்விதழில் வந்த ஒரு விரிவான கட்டுரை, அந்த உணரியின் மூலம் போஸ்தான் என்று வாதிட்டது. அறிவிக்காமல் விட்ட உரிமையை நூறு வருஷம் கழித்து ஆவணம் புரட்டித்தான் மீட்க வேண்டியிருந்தது.

வேண்டாம் என்ற காப்புரிமை

1901-இல் லண்டனில் ஒரு தந்தி நிறுவன உரிமையாளர் போஸைத் தேடி வந்தார். கருவிக்குக் காப்புரிமை எடுத்துத் தருகிறேன், லாபத்தில் பங்கு, முதலும் நானே போடுகிறேன் என்றார். போஸ் மறுத்துவிட்டார். இந்தச் சம்பவத்தை நண்பர் தாகூருக்குக் கடிதமாக எழுதினார். பண ஆசை என்ற சக்கரத்தில் ஒருமுறை சிக்கினால் வெளியே வர முடியாது என்ற பயம் அதில் தெரியும்.

நண்பர்கள் விடவில்லை. சகோதரி நிவேதிதாவும் அமெரிக்க நண்பர் சாரா புல்லும் வற்புறுத்தி விண்ணப்பம் போட வைத்தார்கள். 1904 மார்ச்சில் அமெரிக்கக் காப்புரிமை வந்தது. எண் 755840. கலீனா என்ற ஈயத் தாதுப் படிகத்தைக் கொண்டு அலையை உணரும் கருவி அது. குறைக்கடத்திக் கருவிக்கு உலகில் வழங்கப்பட்ட முதல் காப்புரிமை என்று அது கருதப்படுகிறது. டிரான்சிஸ்டர் வர அதற்கு அப்புறம் 43 வருஷம் இருந்தது. போஸ் அந்தக் காப்புரிமையைப் பயன்படுத்திக் காசு பார்க்காமல் காலாவதியாக விட்டார்.

இதில் இரண்டு பக்கம் உண்டு. அறிவு எல்லோருக்கும் பொது என்ற போஸின் கொள்கை பெரிது. அதே நேரம், பதிவு செய்யாத உழைப்பை உலகம் எளிதில் மறந்துவிடும் என்பதும் அவர் வாழ்க்கையே சொல்லும் பாடம். வேலையிடத்தில் செய்ததைச் சொல்லிக்கொள்ளலாமா, கூச்சப்படலாமா என்று யோசிப்பவர்களுக்கு இது பழைய கதை இல்லை.

செடிகள் பக்கம் போனது ஏன்?

தொடர்ந்து வேலை செய்தால் உணரிகள் களைத்துப்போவதையும், ஓய்வு கொடுத்தால் தேறுவதையும் போஸ் கவனித்தார். தசையைப் போலவே உலோகமும் நடக்கிறதே என்று தோன்றியது. அந்தக் கேள்வி அவரை உலோகத்திலிருந்து செடிக்கு இழுத்துச் சென்றது. செடியின் வளர்ச்சியைப் பல மடங்கு பெரிதாக்கிக் காட்டும் கிரெஸ்கோகிராஃப் கருவியை உருவாக்கினார். சில முடிவுகளுக்குக் கடும் எதிர்ப்பு வந்தது. ஆனால் ஒன்று போனது. ரேடியோவில் உச்சத்தில் இருந்தபோதே அந்தத் துறையிலிருந்து அவர் விலகிவிட்டார். சின்ன அலைகளும் பல பத்து வருஷம் தூங்கின.

1917-இல் சர் பட்டம். அதே வருஷம் தன் பிறந்தநாளான நவம்பர் 30-இல் கொல்கத்தாவில் போஸ் ஆய்வு நிறுவனத்தைத் தொடங்கினார். இங்கே கண்டுபிடிப்பது எதுவும் தனிச் சொத்து ஆகாது, காப்புரிமை எடுக்கப்படாது என்பது அதன் அடிப்படைக் கொள்கை. 1920-இல் ராயல் சொசைட்டி உறுப்பினர் ஆனார். 1937 நவம்பர் 23-இல் கிரிடியில் காலமானார். அதே வருஷம் ஜூலையில் மார்க்கோனியும் இறந்திருந்தார்.

2012-இல் ஐஇஇஇ, போஸின் 1894 முதல் 1896 வரையிலான மில்லிமீட்டர் அலைச் சோதனைகளைத் தொழில்நுட்ப மைல்கல்லாக அறிவித்து பிரசிடென்சி கல்லூரி வளாகத்தில் பலகை வைத்தது. கழிப்பறையை ஒட்டிய இடம் ஒதுக்கிய அதே கல்லூரி. மில்லிமீட்டர் அலை 5ஜி, வாகன ரேடார், மாடிக்கு மாடி போடும் பாலம் என்று இன்று அந்தச் சின்ன அலைகள் சம்பாதித்துக் கொடுக்கும் பணத்துக்குக் கணக்கே இல்லை. அதில் ஒரு பைசாவுக்கும் போஸ் உரிமை கேட்டு வைக்கவில்லை.